நல்ல நரம்பு

என் இடது முழங்கை மடிப்பில் ஒரு நரம்பு உண்டு. ரப்பர் டியூபைக் கட்டி இறுக்கக்கூட வேண்டாம். விரல்களை மூடித் திறந்தாலே எழுந்து நிற்கும். அந்த ஒரு நரம்பை வைத்துத்தான் எங்கள் வகுப்பு முழுக்க ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டு பட்டம் வாங்கியது. எல்லாருக்கும் கடைசியாக வாங்கியவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பிளஸ் டூ முடித்ததும் நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்பது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் மார்க்குக்குத்தான் தெரியவில்லை. நுழைவுத் தேர்விலும் கோட்டை விட்டேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர்தான் மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதையும், வேலப்பன்சாவடிப் பக்கம் புதிதாக வந்த கல்லூரியில் இடம் காலியாக இருப்பதையும் சொன்னார். “அதுக்கும் வெள்ளை கோட்டுதான் சார்” என்றார். அப்பா அந்த கோட்டில் விழுந்துவிட்டார்.

“எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் நம்ம பொண்ணு கொடுக்கற ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் மருந்து எழுதணும், தெரியுமா?” என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மாவுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் கோட்டை வாரம் தவறாமல் நீலம் போட்டு வெளுத்து, இஸ்திரி வண்டிக்குக் கொடுத்து வாங்கி வைத்தாள். நானும் அதைப் பையில் வைக்காமல் மடித்துக் கையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான், வேறென்ன? கண்டக்டர் ஒருவர், “இன்னா டாக்டரு, பூந்தமல்லிதானே?” என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பார். கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு இனிக்கும். அந்த வயதில் எதுதான் இனிக்காது?

பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ் மாறினால் கல்லூரி. நெடுஞ்சாலையைப் பார்த்தபடி கண்ணாடி வைத்த பெரிய கட்டடம். கூடவே ஒரு ஆஸ்பத்திரியும் இருந்தது. அதில் கட்டில் இருந்தது, மெத்தை இருந்தது, மெத்தை மேல் படுக்க ஆள்தான் இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் நாலைந்து பேரும், நாங்கள் கும்பலாகக் கோட்டோடு வருவதைப் பார்த்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கத்துக்குட்டிகளிடம் யார் கையைக் கொடுப்பார்கள்?

அதனால் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். ரத்தப் பரிசோதனை வகுப்பு என்றால் இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். நீ என் கையில் குத்தி எடு, நான் உன் கையில் குத்தி எடுக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் எங்கள் மேடம் வரிசையாக எல்லார் கையையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். “பாருங்க, இதுதான் நரம்பு. நல்ல நரம்பு.” நரம்பு என்று சொல்லாதே, வெய்ன் என்று சொல் என்று எங்களைத் திட்டுகிறவர் அவர், அன்றைக்கு அவர் வாயிலேயே நரம்பு என்று வந்தது. வகுப்பே எட்டிப் பார்த்தது. பிளஸ் டூவுக்கு அப்புறம் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஜோடி கொரட்டூரிலிருந்து வந்த ஒரு பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ஸ்டேஷன் பக்கத்தில் பாத்திரக் கடை. நல்ல நிறம், பூசினாற்போல உடம்பு, பஞ்சு மாதிரி கை. அதில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடினாலும் தெரியாது. “எனக்குக் கிடைக்காதுடி, ப்ளீஸ், உன் கையிலயே எடுத்துக்கலாம்” என்றாள். எடுத்தாள். நான் அவள் கையில் ரப்பர் டியூபைக் கட்டும்போது, “ஐயோ, காலேஜ் பஸ்ஸு கிளம்பிடும்டி, நாளைக்கு” என்று எழுந்துவிட்டாள். அந்த நாளை வரவே இல்லை. அடுத்த ஜோடியிலும் ஒருத்திக்கு நரம்பு சரியில்லை. அவளும் என்னிடம் வந்தாள். அதற்கடுத்து ஒரு பையன் வந்தான். “உனக்குத்தான் வலிக்காதே” என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு வலிக்காது என்று அவளுக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அப்போது கண்ணாடி சிரிஞ்சுதான். கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து ஊசி முனை மழுங்கியிருக்கும். மழுங்கின ஊசி தோலுக்குள் போகும்போது ஒரு சத்தம் கேட்கும், துணி கிழிகிற மாதிரி. அது எனக்கு மட்டும்தான் கேட்கும். வரிசையாக மைக்ரோஸ்கோப் வைத்து எல்லாரும் குனிந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் என் ரத்தம். சிரிஞ்சுகளைக் கொதிக்கவைக்கும் அட்டெண்டர் உள்ளூர்க்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஒருநாள் என்னிடம், “இன்னாம்மா, இன்னிக்கும் உன் கைதானா? ரத்த தானம் பண்றதுக்கா பீசு கட்டிகினு வர்றே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

முழங்கை மடிப்பு நீலமாகக் கன்றி, பச்சையாகி, மஞ்சளாகி, ஆறுவதற்குள் மறுபடி நீலமாகும். முழுக்கை வைத்த சுடிதாராகவே தைத்துப் போட்டுக்கொண்டேன். அப்படியும் ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

“என்னடி இது? நீ படிக்கப் போறியா, அடி வாங்கப் போறியா?”

“எனக்கு நல்ல நரம்பும்மா. அதனால என்கிட்ட எடுக்கறாங்க.”

“நீ யார்கிட்ட எடுக்கறே?”

அம்மா எட்டாவதோடு நிறுத்தியவள். அவளுக்கு உடனே உறைத்தது எனக்கு இரண்டு வருஷமாக உறைக்கவில்லை. மறுநாளே மேடத்தின் அறைக்குப் போனேன். “மேடம், எனக்கு எடுக்க சான்ஸே கிடைக்கல” என்றேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “உன் கை இல்லேன்னா இந்த கிளாஸ் எப்படிம்மா கத்துக்கும்? அவங்க எடுக்கறதைப் பார்த்துக் கத்துக்கோ. நீதான் பக்கத்துலயே இருக்கியே” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு ஒரு வசதி செய்து கொடுத்ததாகத்தான் நினைத்தார்.

கடைசி வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அப்பா பேசி வைத்தார். லேபில் ஒரு இடம் காலியாகிறது, பாஸ் ரிசல்ட் வந்ததும் பெண்ணை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வெள்ளானூரில் வாங்கிப்போட்ட மனையில் முள்செடிதான் வளர்ந்துகொண்டிருந்தது. என் சம்பளம் வந்தால் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. நான் வேலைக்குப் போவதாக எங்கள் பிளாக்கில் மறுபடி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

செய்முறைத் தேர்வுக்கு நகரத்திலிருந்து ஒரு அம்மாள் எக்ஸ்டெர்னலாக வந்திருந்தார். குட்டையான உருவம், கண்டிப்பான குரல். “ரெண்டு குத்துதான். மூணாவது கிடையாது. ரத்தம் வரலைன்னா பெயில்” என்றார். பதிவு எண் வரிசைப்படி ஜோடி போட்டார்கள். எனக்குக் கொரட்டூர்க்காரி. நான்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அவள் கையை நீட்டினாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கையை நீட்டியது அன்றைக்குத்தான். டியூபைக் கட்டி, தட்டி, தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இருக்கும் என்று நினைத்த இடத்தில் குத்தினேன். “ஸ்ஸ்!” என்று கையை இழுத்துக்கொண்டாள்; ஊசி வெளியே வந்துவிட்டது. எக்ஸ்டெர்னல் ஒரு விரலைக் காட்டினார். இரண்டாவது தடவை ஊசி உள்ளே நின்றது. ஆனால் ரத்தம் வரவில்லை. கொஞ்சம் இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். அந்த இடம் வீங்க ஆரம்பித்தது. “போதும், எடு” என்றார் அந்த அம்மாள்.

அடுத்து அவள் முறை. யாரும் சொல்லாமலே என் கை போய் மேஜைமேல் படுத்துக்கொண்டது. பழக்கதோஷம். அவள் தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே குத்து. சிரிஞ்சு மளமளவென்று நிறைந்தது. “வெரி குட். நல்ல கை” என்றார் எக்ஸ்டெர்னல். அவள் கையைத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும், “என் நரம்பு அப்படிடி, நான் இன்னா பண்றது? அடுத்த தடவை பாஸ் பண்ணிடுவே” என்றாள். அவள் பேரில் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நரம்பு கடவுள் கொடுப்பது என்று மேடம்கூடச் சொன்னார். எனக்குக் கடவுள் கொடுத்ததை மட்டும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ரிசல்ட் வந்தது. மற்றதெல்லாம் பாஸ், அந்த ஒரு செய்முறை மட்டும் அரியர். அப்பா நர்சிங் ஹோமுக்குப் போய் ஆறு மாசம் பொறுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஆள் போட்டுட்டாங்களாம்மா. உன் கிளாஸ் பொண்ணுதானாம், கொரட்டூராம்” என்றார். என்னிடம்தான் அவள் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அன்றைக்குக் கோட்டைச் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் எறிந்தேன். அம்மா அதை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள், அதற்கும் அவளிடம் கத்தினேன்.

அப்பா மறுநாள் சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கிக்கொண்டு வந்து தலையணைமேல் நீளமாக வைத்துக் கட்டி, அதன்மேல் பழைய ரெக்சினைப் போர்த்தினார். மருந்துக் கடையில் சிரிஞ்சும் வாங்கிக் கொடுத்தார். “இதுல குத்திப் பழகு” என்றார். ராணுவ டாங்குக்குப் பாகம் கடைந்த மனுஷன் மகளுக்காக ஒரு நரம்பு செய்து கொடுத்தார். தினமும் அதில் குத்தினேன். குத்தும்போதெல்லாம் அந்தப் பஞ்சுக் கையை நினைத்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

ஆறு மாதம் கழித்துத் துணைத் தேர்வு. அந்தச் செய்முறைக்கு நான் ஒருத்திதான். அதே எக்ஸ்டெர்னல் அம்மாள். ஜோடிக்கு ஆள் இல்லை என்று மேடம் முதல் வருஷ வகுப்புக்குச் சொல்லி அனுப்பினார். அட்டெண்டர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். “இந்தாம்மா, சூப்பர் கை ஒண்ணு கொண்டாந்துகீறேன். கண்ணை மூடிகினு குத்து” என்றார்.

ஒல்லியான பெண். கோட்டின் கையை அவளாகவே மேலே சுருட்டிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். நரம்பு தெளிவாகத் தெரிந்தது, நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். குத்தினால் பாஸ். சுற்றிலும் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது, நடுவில் அன்றைக்குக் காலையில் குத்தின புள்ளி. நான் அதையே பார்ப்பதைக் கண்டு பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“தைரியமா எடுங்கக்கா. எனக்கு நல்ல நரம்புன்னு மேடம் சொல்லியிருக்காங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் என் கோட்டின் இடது கையை மேலே ஏற்றினேன். “மேடம், என் கையிலயே எடுக்கறேன்” என்றேன்.

எக்ஸ்டெர்னல் நிமிர்ந்து பார்த்தார். “ஒத்தைக் கையால டியூப் கட்டணும், குத்தணும், இழுக்கணும். ரெண்டு குத்துதான், தெரியுமில்ல? தப்பினா மறுபடி ஆறு மாசம்.”

“தெரியும் மேடம்.”

எங்கள் மேடம், “அடம் பிடிக்காதே, அந்தப் பொண்ணுதான் கையைக் கொடுக்கிறாளே” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டியூபின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன். பஞ்சால் துடைத்தேன். மூன்று வருஷமாக யார் யாரோ குத்தின அதே இடம். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது எல்லாம் என் தோலுக்கு மனப்பாடம். நானே குத்தினாலும் வலிக்கத்தான் செய்தது. விரலால் பிஸ்டனை நெம்பி இழுத்தேன். ரத்தம் வந்தது.

“உன் கையில நீயே எடுக்கறது இதுதான் முதல் தடவையா?” என்று எக்ஸ்டெர்னல் கேட்டார்.

“ஆமா மேடம். எனக்காக எடுத்ததே இதுதான் முதல் தடவை.”

அவர் மார்க் போட்டார். பாஸ்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஒல்லிப் பெண்ணும் கூடவே வந்தாள். அவள் கையை நான் வேண்டாம் என்றதில் அவளுக்கு வருத்தம், முகம் வாடியிருந்தது. “கையைக் கொடுக்கறது போதும், முதல்ல நீ எடுத்துப் பழகு” என்று ஆரம்பித்தேன். அதற்குள் எதிர் லேபின் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்று, “ஏய், எங்கடி போனே? உனக்காகத்தான் எல்லாரும் காத்துகினு இருக்கோம், வா” என்று கூப்பிட்டார்கள்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டு, இறக்கிவிட்டிருந்த கோட்டின் கையை மறுபடி மேலே சுருட்டிக்கொண்டே ஓடினாள்.