அம்மாவின் பெயரில் நிறுத்திய தீபாவளி

துக்கம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தீபாவளிக்கு நான் பொய் சொன்னேன். இறந்துபோன என் அம்மாவைச் சாட்டிச் சொன்னேன்!

எங்கள் பக்கத்தில், சாவு விழுந்த வீட்டில் வருடத் திதி கொடுக்கும்வரை பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டோம்; அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் தருவார்கள். சென்ற தீபாவளி அப்படிப் போனது. இம்முறை பண்டிகைக்கு முன்பே, தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் திதி கொடுத்துவிட்டார். நானும் போயிருந்தேன். "இனிப் புள்ளைக்குப் புதுசு எடுத்துக் குடும்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் குடியிருக்கும் உக்குவளைக்குத் திரும்பினேன். கடைகளில் மின்விளக்குகள்... வெடிச்சத்தம்... எனக்கோ தலைவாரக்கூட முடியவில்லை. கட்டிலில் உட்காரவும் முடியவில்லை. எழுந்து கதவுவரை போவேன், திரும்புவேன். மாவு சலிக்க வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடத்தது.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டார். "என்னங்க, இன்னும் சட்டி வைக்கலயா? ஒங்க முறுக்கக் கடிச்சு ஆடுன பல்லு இன்னும் ஆடுது, தெரியுமா!"

சிரித்திருக்கலாம். "அண்ணன் இன்னும் திதி குடுக்கலக்கா" என்றேன். வாய் தானாகச் சொன்னது!

"அடடா, தெரியாமக் கேட்டுட்டேன். நீங்க ஒண்ணுஞ் செய்யாதீங்க, நான் கொண்டாரேன்."

தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்தார். இரண்டு கைகளாலும் வாங்கினேன். வெட்கத்துக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது... அதை நினைத்தால்தான் கூசுகிறது.

வெளிநாட்டில் வேலை செய்யும் கணவரிடமும் அதையே சொன்னேன். ஐந்து வயது மகளிடமும். அவள் வாசலில் நின்று மற்றப் பிள்ளைகள் மத்தாப்புச் சுற்றுவதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கேட்டாள்: "அம்மா, அம்மாச்சி எப்பதான் செத்து முடிப்பாங்க?"

நான் வேலைக்குப் போன காலமெல்லாம் அவளைத் தூக்கி வளர்த்தவர் என் அம்மா! இப்போது அம்மாவின் படத்தை அவள் கும்பிடுவதில்லை. "அம்மாச்சி கூடாதவங்க. எனக்கு மத்தாப்பு குடுக்க விடல" என்கிறாள்.

விடாதது நானல்லவா! சொல்ல வாயெடுப்பேன்... 'ஏம்மா?' என்று கேட்டால்? 'உன் அம்மாவால் சந்தோஷப்பட முடியவில்லை' என்று சொன்னால், தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வாளோ? டாக்டரைப் பார்க்க பஸ் ஸ்டாண்ட்வரை போனேன். தெரிந்த முகமொன்றைக் கண்டதும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். திதி கொடுத்த கதை எப்படியும் வெளியே வரும். செல்வி அக்கா என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் அதற்குமுன் என் மகளுக்கு அவளுடைய அம்மாச்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிள்ளை வளர்க்கும் நீங்கள் சொல்லுங்கள்... என் இடத்தில் இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்?