எத்தனை அடியில்

மூளை ஆராய்ச்சி முகாம் ஒன்றுக்காகத் திருச்செங்கோட்டில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடக்க முடியாத கோபம் உள்ளவர்களுக்கு அடுத்த மாதம் இலவச ஸ்கேன். ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர் ஒருவர் வாங்கிப் படித்தார். தலையெல்லாம் கல் தூசி. பேசும்போது இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கோவம் எத்தனை அடியில இருக்குதுன்னு இதுல தெரியுமுங்களா?”

“அப்படியெல்லாம் தெரியாதுங்க.”

“தண்ணி எத்தனை அடியிலன்னே பாயிண்ட் பாத்துச் சொல்றாங்களே.”

முகாமன்று முதல் ஆளாக வந்தார். கூடவே மனைவி. கன்னம் கிழிந்து தையல் போட்டிருந்தது, ஒரு கண் திறக்கவில்லை.

“இவளுக்கு எடுங்க. எங்கோவம் பூரா இவ மண்டைக்குள்ளதானுங்க எறங்கியிருக்குது.”

எங்கள் படிவத்தில் அடிக்கிறவருக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்தப் பெண்ணை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.