நான் எண்ணினேன், அவள் மூச்சை அடக்கினாள்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். தாம்பரத்தில் தள்ளுவண்டியில் தொடங்கி, சொந்தமாக இரும்புக்கடை, பொத்தேரியில் மாணவர் விடுதி என்று எல்லாம் நானே எழுப்பினேன்.

என் மனைவி பாத்திமாவுக்கு இருமினாலே சிறுநீர் கசியும். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வருவாள். ஒரு தும்மலில் அது முறிந்துவிடும். அழுவாள். பஸ் குலுங்கினாலும் கசிவதால் மருத்துவமனைக்குத் திரும்பப் போக மறுத்தாள். ஒருமுறை நேரில் பார்த்த பிசியோதெரபி மேடம், இடுப்புக்குக் கீழுள்ள தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வாரா வாரம் போனிலேயே சொல்லித்தந்தார்.

போன் வராத மற்ற நாட்களில் நான் பக்கத்தில் நின்று, கான்கிரீட் ஆட்களை விரட்டுவதுபோல் உரக்க எண்ணினேன். கசிவு கூடியது. என் திறமை மேடத்துக்கும் தெரியட்டுமென்று நாலாவது வாரம் ஸ்பீக்கர் போனிலும் எண்ணினேன்.

"மூச்சை அடக்குறீங்களாம்மா? அடக்கினா கீழதான் அழுத்தும்" என்றார் மேடம்.

"இவரு போடுற சத்தத்துல மூச்சு எங்க மேடம் வருது?" என்றாள் பாத்திமா.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

இப்போது போன் அடித்தால் நான் கடைக்கு இறங்கிவிடுகிறேன். அவளே தஸ்பீஹ் மணியை உருட்டி எண்ணிக்கொள்கிறாள். சென்ற வாரம் ஒரே ஒளுவில் அந்தி மஃரிப், இரவு இஷா இரண்டையும் தொழுதுவிட்டுச் சிரித்தபடி வந்தாள். மேடத்துக்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனால் ஸ்பீக்கர் போன் வாங்கியதும் நான், வெளியே போனதும் நான். இந்தக் கடிதத்தைப் போடும்போது பத்திரிகை ஆசிரியர் அதையும் அவசியம் அச்சிட வேண்டும்.