ஆள் டீ குடிக்கப் போயிருக்கு

குற்றாலத்தை அடுத்த ஓர் அருவிக்கரையில், குளிக்க வரும் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் சங்கரேஸ்வரி. அந்த ஊராட்சியின் பெயர் நமக்கு எதற்கு? அதன் விதிதான் முக்கியம்: எண்ணெய் தேய்க்கும் உரிமம் ஆண்களுக்கு மட்டும். தேய்ப்பவர் பெண், தேய்த்துக்கொள்பவர் பெண், உரிமம் ஆணுக்கு! அதனால் எண்ணெய் தேய்க்கும் பெண்கள் வீட்டு ஆணின் பெயரில் உரிமம் எடுத்து, தட்டி மறைப்புக்கு வெளியே ஓர் ஆணின் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். சோதனைக்கு யாராவது வந்தால், "ஆள் டீ குடிக்கப் போயிருக்கு" என்பார்கள். வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

சங்கரேஸ்வரியின் கணவர் இறந்ததும் அவர் பெயரிலிருந்த உரிமமும் போயிற்று. கொழுந்தன் சொரிமுத்து துண்டோடு வந்து நின்றார்.

"எம் பேர்ல எடுத்துருவோம் மதினி. வேலைய நீங்க பாருங்க."

"நீ என்னல பாப்ப?"

"டீ குடிப்பேன்."

சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை அவர் தோளிலேயே போட்டு அனுப்பிவிட்டு, தென்காசியில் வழக்கறிஞர் உமா மகேஸ்வரியைப் போய்ப் பார்த்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார்கள். ஆண், பெண் என்று அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பு. அதற்குக் கீழே ஓர் ஊராட்சி விதி வேறு பேசலாமா?

ஆனியில் சாரல் தொடங்கும் நேரத்தில் ஊராட்சி சமரசத்துக்கு வந்தது. கணவரை இழந்தவர் என்று இரக்கப்பட்டு, சங்கரேஸ்வரிக்கு மட்டும் உரிமம் தருவார்களாம். வழக்கை அவர் திரும்பப் பெற வேண்டும்.

"வாங்கிக்கிட்டா நாளைக்கே வேலையப் பாக்கலாம் அக்கா," என்றார் உமா மகேஸ்வரி. "கேஸ் நடந்தா இந்த சீசன் போயிரும்."

அந்த சீசன்தான் சங்கரேஸ்வரிக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு.

"எனக்குக் குடுத்துட்டா அந்த விதி போயிருமா?"

"போகாது. அப்படியேதான் இருக்கும்."

"அப்ப மத்தவளுவ துண்டு தொங்கப்போட்டுக்கிட்டே கெடக்கணுமாக்கும்? புருசன் செத்ததுக்கு லைசென்ஸ் தாரானுவளா? கேஸு நடக்கட்டும் தாயி."

சலுகையை மறுத்து உரிமையைக் கேட்கும் துணிவு, பட்டம் வாங்கிய எத்தனை பேருக்கு இருக்கிறது? கூட்டம் அலைமோதிய அந்த சீசன் முழுவதும், எண்ணெய் தேய்த்த கைகளால் ஒரு லாட்ஜில் தரை துடைத்தார் அவர்.

விதி அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உரிமம் கைக்கு வந்தபோது பங்குனி. அருவியில் பாறைதான் தெரிந்தது.

"லைசென்ஸ் வந்துட்டு, தண்ணியக் காணுமே மதினி!" என்றார் சொரிமுத்து.

"அதுக்குக் கேஸு போட வேண்டாம்ல. ஆனி பொறந்தா தன்னால வரும்."