சிவப்பு நூல் கட்டிய கிண்ணம்

எங்கள் பள்ளிச் சமையற்காரி துலம்சூரேன் பதினெட்டு ஆண்டுகளாக முந்நூறு பிள்ளைகளுக்குக் கறிக் கொழுக்கட்டை பிடித்தவள். மங்கோலியப் புல்வெளியே உறைந்து கிடந்தாலும் அவள் அடுப்பு எரியும். இந்த இலையுதிர் காலத்தில் அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. தலைமையாசிரியர் கொம்போஜாவ், மக்கள் நலன் கருதி, அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் தேநீர் குடித்த கிண்ணத்தில் சிவப்பு நூல் கட்டி ஒதுக்கி வைத்தார். அறிவியலுக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

"என் கொழுக்கட்டையத் தின்னு எவன் செத்தான், சொல்லுங்க சார்?"

"இனிமே சாகக் கூடாதுன்னுதாம்மா."

ஒரு மாதம் பிள்ளைகள் காய்ந்த ரொட்டியைக் கடித்தார்கள். பிறகு ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. ஆய்வாளர் வந்தால் ஆண்கள் மழமழவென்று நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் புனித மரபு. அதற்கென்றே தலைமையாசிரியரின் மேசைக்குள் ஒரு சவரக்கத்தி உண்டு. ஒன்றே ஒன்று. முதலில் அவர், பிறகு கணக்கு வாத்தியார், ஓட்டுநர், கடைசியில் நான். கீறிக்கொண்டால் செய்தித்தாள் துண்டை ஒட்டிக்கொள்வோம். என்ன ஒரு சகோதரத்துவம்!

ஆய்வாளரோடு எங்கூன் என்ற பெண் மருத்துவரும் வந்தார். துலம்சூரேன் நேரே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து எங்கள் நான்கு தாடைகளையும் மேசைமேல் கிடந்த கத்தியையும் பார்த்தாள்.

"டாக்டரம்மா, என் கிண்ணத்துக்கு நூல் கட்டினாங்களே, இந்தக் கத்திக்கு எத்தனை முழம் கட்டணும்?"

மருத்துவரின் முகம் சிவந்துவிட்டது. "சாப்பாட்டுல, கிண்ணத்துல இது பரவாது. ரத்தத்துல பரவும். ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுறது, இந்த மாதிரி பொதுக் கத்தி, பாதுகாப்பில்லாத உறவு, பிரசவத்துல தாய்கிட்டேருந்து குழந்தைக்கு. இந்தம்மா தாராளமா சமைக்கலாம். நீங்க நாலு பேரும் ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டுங்க."

"எனக்கெதுக்கு? நான் தலைமையாசிரியர்" என்றார் கொம்போஜாவ். கிருமி பதவியை மதிக்காதது அவருக்கு வருத்தம்.

சோதித்ததில் நால்வரில் இருவருக்குக் கிருமி இருந்தது. மற்ற இருவருக்குத் தடுப்பூசி. யாருக்கு என்ன என்பதை மருத்துவர் அவரவரிடம் தனியே சொன்னார்.

"பலகையில ஒட்டலையா?" என்று கேட்டாள் துலம்சூரேன்.

"ஒட்டுறது தப்பும்மா."

"ஓ! என்னுது மட்டும் மக்கள் நலனாக்கும்."

"நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா" என்றார் கொம்போஜாவ், தரையைப் பார்த்தபடி.

அவள் விடுவிடென்று வெளியே போனாள். பலகையிலிருந்து தன் சீட்டைக் கிழித்தெடுத்தாள். ஒரு மாதமாக அணைந்து கிடந்த அடுப்பை அதைக்கொண்டே மூட்டினாள்.