ராகிப் போருக்குப் பின்னால்

அந்தச் செவலை மாட்டை நான் கன்றுக்குட்டியாக வாங்கினேன். ரோஜாத் தோட்டத்தில் பூ அறுத்துச் சேர்த்த கூலியில் வாங்கியது. வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு ஈற்று ஈன்று நன்றாகக் கறந்தது. பிறகு சினை பிடிக்கவில்லை.

பாகலூர்ப் பக்கம் அப்போது எல்லாரும் சினை ஊசிதான் போட்டார்கள். நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஊசி போடுகிறவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து சேர்வதற்குள் மாடு பருவத்துக்குக் கத்துவதை நிறுத்திவிடும். காளைக்கு விட்டுப் பார் என்று பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சொன்னார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வெள்ளைக் காளை ஒன்று இருந்தது. அதற்கு ஊரில் நல்ல பேர்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கம்பெனி பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் மாட்டை நான்தான் ஓட்டிப் போனேன். மனை பிரித்துக் கல் நட்டிருந்த காட்டு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாடு கொண்டு வந்தது பெண்ணாக இருந்தால் அங்கே நிற்கக் கூடாது. கயிற்றைக் காளைக்காரர் கையில் கொடுத்துவிட்டு ராகித்தாள் போருக்குப் பின்னால் போய்த் திரும்பி நிற்க வேண்டும். முடிந்ததும் கூப்பிடுவார். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

போருக்குப் பின்னால் நின்றேன். அவர் காளையைக் கன்னடத்தில் அதட்டினார். குளம்புச் சத்தம் கேட்டது. மாடு ஒரு தடவை கத்தியது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது.

"ஆச்சும்மா. ஓட்டிகினு போ. படுக்க மட்டும் விடாத."

மாட்டின் முதுகு நனைந்திருந்தது. காளை ஏறியபின் முதுகில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவது உண்டு. கொண்டு போயிருந்த கொள்ளுத் தீனியைக் காளைக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் மாடு திரும்பவும் கத்தியது. வாலடியில் கோழை கண்ணாடி போலத் தொங்கியது. சினை நிற்கவில்லை.

மறுபடி ஓட்டிப் போனேன். அவர் மாட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலியா?"

"வேலைக்குப் போயிட்டாரு."

அவர் சம்சாரம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் தெலுங்கில் சொன்னார், ஆம்பளை யாரும் வரவில்லை, இது மட்டும்தான் வந்திருக்கிறது என்று. ரோஜாத் தோட்டத்தில் என்னோடு பூ அறுத்தவர்கள் பாதிப் பேர் தெலுங்குக்காரிகள். எனக்குப் புரியும். அது அவருக்குத் தெரியாது. அவள் பாத்திரத்தை வேகமாகத் தேய்த்தாள்.

ஆம்பளை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? போருக்குப் பின்னால் நின்று அதையே நினைத்தேன். குளம்புச் சத்தம். மாடு கத்தியது. தண்ணீர். ஆச்சும்மா.

வழியில் மாட்டை நிறுத்திப் பார்த்தேன். மழை பெய்து அந்த வாசல் முழுக்கச் சேறு. காளை ஏறினால் முன்னங்கால் சேறு மாட்டின் இரண்டு பக்கமும் அப்பும். என் அம்மா வீட்டில் அதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். இந்த மாட்டின் மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கொண்டு போனதைவிடச் சுத்தமாக வந்தது. தண்ணீரில் போயிருக்கலாம் என்று நினைத்தேன். முதலிலேயே ஒட்டாமலும் இருந்திருக்கலாம்.

அந்தத் தடவையும் சினை நிற்கவில்லை. மாடு கத்தின அன்றைக்கு வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நெஜமா காளைக்கு விட்டியா? இல்ல எங்கியாவது கட்டிட்டுப் பூ அறுக்கப் போயிட்டியா?"

"விட்டேன்."

"பாத்தியா?"

"பொம்பள எப்படிப் பாக்கறது?"

"இன்னிக்கு ஒருவாட்டி ஓட்டிகினு போ. இதுக்கும் நிக்கலன்னா குந்தாரப்பள்ளி சந்தைக்குப் புடிச்சிகினு போயிருவேன். கறக்காத மாட்டுக்கு எத்தினி நாளு தீனி போடறது?"

சினை பிடிக்காத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், லாரி எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் காளைக்காரரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

வேப்பெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்தேன். மாட்டின் இடுப்பெலும்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் பட்டையாகத் தடவினேன். காளையின் கால் அணைக்கிற இடம் அது. உண்ணிக்கு எல்லாரும் போடுகிற மருந்துதான். யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணெயில் குழைத்த மஞ்சள் தண்ணீருக்குப் போகாது.

காளைக்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, மாட்டுக்கு நலுங்கு வச்சிகினு வந்திருக்கிற?"

"உண்ணி, அண்ணா."

"எங்க காளை மாப்ள மாதிரி இருக்கும். பொண்ணு மஞ்ச பூசி வந்தா வேணாம்னா சொல்லும்?"

சிரித்தார். நான் போருக்குப் பின்னால் போனேன். எப்போதும் போலச் சத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றினார். கூப்பிட்டார்.

மஞ்சள் பட்டை வைத்தபடியே இருந்தது. அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"அண்ணா, காளைய விடுங்க."

"இப்பதானே விட்டேன்."

"விடல."

"யாரும்மா சொன்னது உனக்கு?"

என் உள்ளங்கையை மாட்டின் மேல் அழுத்தி எடுத்தேன். மஞ்சள் கலைந்து கை பதிந்தது. "கை வச்சதுக்கே இப்படி. காளை கால் வச்சா எப்படி இருக்கணும்?"

அவர் அதைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வீட்டுக்குப் போம்மா. காலையில நல்லா பேச வந்துட்ட."

"இங்கியே நிக்கறேன். என் கண்ணு முன்னால விடுங்க."

"பொம்பள பாத்துகினு நிக்கற வேலையா இது? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். மாட்டை லாரியில ஏத்துனா மட்டும் அழுவாங்களா?"

அவர் சம்சாரம் எழுந்து வந்தாள். அவரிடம் தெலுங்கில் பேசவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் தமிழில் பேசினாள்.

"காளைய நடக்க வுட்டுக் காட்டு. அந்த அக்காவும் பாக்கட்டும்."

"உள்ள போடி."

அவளே போய்க் காளையை அவிழ்த்தாள். வெளியே இழுத்து வந்தாள். நல்ல உயரமான காளைதான். இடது பின்னங்கால் குளம்பைத் தரையில் ஊன்றாமல் வந்தது. என் மாட்டின் கிட்டே வந்து மோந்தது. ஏறப் பார்த்தது. பின்னங்கால் தாங்கவில்லை. பாதியில் இறங்கிவிட்டது. மறுபடி முயலவில்லை. தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"தார் ரோட்ல வழுக்கி விழுந்துச்சி," என்றார் அவர். "சரியாப் பூடும்னு இருந்தேன். இந்தக் காளையாலதான் நாலு பேரு என்னைத் தேடி வராங்க."

"ஆம்பளைங்க வந்தா இன்னா சொல்லுவீங்க?"

அவள்தான் சொன்னாள். "அவங்களாண்ட காளைக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பிருவாரு. அவங்க பக்கத்துலயே நிப்பாங்க இல்ல? பொம்பளைங்கன்னா ஆச்சுன்னுடறது. நானும் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேங்க்கா."

பின்கட்டில் இளங்காளை ஒன்று இருந்தது. அந்த வெள்ளைக்குப் பிறந்ததுதான். உழவுக்கு விற்க வளர்த்தது. அதற்குப் பேர் இல்லை என்று அவர் அதுவரை யாருக்கும் விட்டதில்லை.

"அத அவுத்து வுடு," என்றாள் அவர் சம்சாரம்.

அவர் அவிழ்த்தார். நான் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. இளங்காளை இரண்டு தடவை தடுமாறியது. மூன்றாவது தடவை ஏறி ஒரு தள்ளுத் தள்ளியது. மாடு முதுகை வளைத்து நின்றது. இரண்டு பக்கமும் மஞ்சளும் சேறும் ஒன்றாகக் கலைந்து கிடந்தன. அவள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் வீட்டுக்காரர் கேட்டார். "விட்டியா?"

"விட்டேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரங்களில் தினமும் விடிந்ததும் வாலைத் தூக்கிப் பார்த்தேன். மாடு அசைந்தாலும் சந்தேகம், கத்தினாலும் சந்தேகம். தண்ணீர்த் தாகத்துக்குக் கத்தினதைக் கேட்டுக்கூட ஓடினேன். கோழை வரவில்லை. அடுத்த பருவமும் தாண்டியது. வீட்டுக்காரர் சந்தைப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் கம்பெனியிலிருந்து வரும்போது அவராகவே ஒரு மூட்டைத் தவிடு கொண்டுவந்து இறக்கினார். கிடாரிக் கன்று பிறந்தது.

மறு ஈற்றுக்கும் அங்கேதான் ஓட்டிப் போனேன். வெள்ளைக் காளை இல்லை. இளங்காளைக்குக் கழுத்து திரண்டு பேரும் வந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் மாடு கொண்டு வந்திருந்தாள். ராகித்தாள் போருக்குப் பின்னால் திரும்பி நின்றாள்.

"இந்தாண்ட வாக்கா. வந்து பாரு," என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். வரவில்லை.

நான் மட்டும் காளைக்கு எதிரில் நின்றேன். காளைக்காரர் அவள் மாட்டுக்குக் காளையை விட்டார். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "ஆச்சும்மா," என்றார்.

அவள் போருக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.