இரண்டாவது டப்பா

நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் பாதி அப்போது வெளுத்துப்போய்க் கிடந்தது. கொழுந்துக் கூடையோடு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். குடலில் இருக்கும் பூச்சிதான் காரணமா என்று ஆராய அரசாங்கம் ஒரு டாக்டரை அனுப்பியது. அவர் கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்தார். நாங்கள் குடியிருந்த லயத்தில் ஆளுக்கொரு தகர டப்பா. அதில் மலம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் என்று டப்பாக்களில் பேர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

என் பெண்சாதி முழுகாமல் இருந்தாள். முகம் வீங்கி, நகமெல்லாம் வெளுத்திருந்தது. டப்பாவை நீட்டியதும் எரிந்து விழுந்தாள்.

"என் பேரப் படிச்சுட்டு அந்த மனுசன் அதப் பாப்பாரா? நாண்டுக்கிட்டுச் சாவலாம். பூச்சி இருக்குன்னா காலப் பெரட்டுல பேர வெட்டி வேலையும் இல்லாம ஆக்கிருவாங்க."

நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! என் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. என்னுடையதையே இரண்டு டப்பாவிலும் போட்டுக் கொடுத்தேன். இருவருக்கும் பூச்சி இல்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

பூச்சி இருந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. யார் பேரையும் வெட்டவில்லை. மருந்து குடித்த பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி முகம் தெளிந்து கொழுந்தெடுக்க மலையேறியதைப் பார்த்துத்தான் இவள் மனசு மாறினாள். அடுத்த மாதம் எல்லோரையும் மறுபடி பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய ஏச்சுக்குப் பயந்து நான் டப்பா விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டாவது டப்பாவில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அந்த மாதம் அவளே டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு நடந்தாள். நானும் கூடப் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது.

"சீமையில சண்டை. ஆராய்ச்சிக்கு இனிமே காசு கெடையாதுன்னு கொழும்புல நிறுத்திட்டாங்க. டாக்டர் மூட்டை கட்டிட்டாரு" என்றார் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர்.

"இவளுக்கு மருந்தாவது குடுங்கய்யா."

அவர் டாக்டர் விட்டுப்போன பட்டியலைப் புரட்டினார். "உன் பொஞ்சாதிக்குத்தான் பூச்சி இல்லையே?"

நான் செய்த காரியத்தைச் சொல்லி அழுதேன்.

"அடப்பாவி! அது பொல்லாத மருந்துடா. பிள்ளத்தாச்சிக்கு எவ்வளவு குடுக்கலாம்னு டாக்டருக்குத்தான் தெரியும். நானா குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவள் திரும்பி நடந்தாள். வரும் வழியில் டப்பாவை ஓடையில் வீசினாள்.

பிரசவத்தில் உடம்பில் ரத்தம் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. டாக்டரின் பட்டியலைப் பிறகு கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். அதைத் திருத்த ஒருவரும் வரவில்லை. அதில் இன்னும் அவள் நோயில்லாதவள்.